சிங்கப்பூர் – நியூயார்க் நேர்விமானம்: தொலைவு 15,349 கி.மீ., பயணம் 18 மணி 40 நிமிடம். கணக்கு எங்கே இடிக்கிறது?

செங்காங்வாசி (கேள்வி)

வணக்கம். அப்பா, அம்மா இருவரையும் ஜூன் மாதம் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு அனுப்ப டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அக்கா வீடு நியூ ஜெர்சி எடிசனில். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, அதனால் விவரம் தெரிந்துகொண்டு முடிவெடுக்க நினைக்கிறேன்.

தொலைவு என்று தேடினால் 15,349 கி.மீ. வருகிறது. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம். டிக்கெட்டிலோ 18 மணி 40 நிமிடம். விமானத் தடம் காட்டும் செயலியில் ஒரு நாள் 17½ மணி, இன்னொரு நாள் 18 மணி. எதை நம்புவது?

போகும்போது விமானம் ஜப்பான் பக்கம் போய் பசிபிக்கைக் கடக்கிறது. திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருகிறது. வட துருவம் வழியாகப் போனால்தானே குறுக்குவழி? ஏன் இப்படிச் சுற்றுகிறார்கள்? பொதுவாக ஒரு திசையில் வேகமாகவும் மறு திசையில் மெதுவாகவும் போகும் என்பார்கள். இதில் இரண்டு திசைக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கிறதே?

கடைசியாக, திரும்பும் விமானம் வெள்ளி இரவு 10:30க்குக் கிளம்பி ஞாயிறு காலை சிங்கப்பூர் சாங்கி நிலையத்தில் இறங்குகிறது என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

---

இறகு350

அச்சுப்பிழை இல்லை. அதை வேறு யாராவது சொல்வார்கள், நான் தொலைவும் தடமும் சொல்கிறேன்.

15,349 என்பது பூமி உருண்டையின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய வளைவின் நீளம். இந்த இரு ஊர்களுக்கும் அதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். சாங்கி 1.36 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது, தீர்க்கரேகை 103.99 கிழக்கு. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் 40.64 வடக்கு, 73.78 மேற்கு. தீர்க்கரேகைகளைக் கூட்டினால் 177.77, அதாவது ஏறக்குறைய 180. இரண்டும் உலகின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால் குறுக்குவழி துருவத்தை ஒட்டியே போகும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.64 பாகை, அங்கிருந்து கென்னடிக்கு 49.36 பாகை, ஆக 138. ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்று பெருக்கினால் 8,280 கடல் மைல், 1.852ஆல் பெருக்கினால் சுமார் 15,335 கி.மீ. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் துல்லியக் கணக்கில் சில கிலோமீட்டர் மாறும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வளைவு சாங்கியிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே கிளம்பி, தாய்லாந்து வளைகுடா, லாவோஸ் பக்கம், சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாக ஏறி, துருவத்திலிருந்து சுமார் 280 கி.மீ. தள்ளிக் கடந்து, கனடாவின் வடகிழக்கில் இறங்கி நியூயார்க் சேரும். காகிதத்தில் அழகான தடம். ஆனால் மூன்று காரணங்களால் அதில் பறப்பதில்லை.

முதலாவது ரஷ்ய வான்வெளி. 2022 பிப்ரவரிக்குப் பிறகு பல நாட்டு நிறுவனங்களுக்கு அது மூடியே கிடக்கிறது. தடை இல்லாத நிறுவனங்களிலும் சில முன்னெச்சரிக்கையாகத் தவிர்க்கின்றன. இரண்டாவது துருவத்தின் குளிர். விமான எரிபொருளில் ஜெட் ஏ-1 மைனஸ் 47 பாகை செல்சியஸில் உறையத் தொடங்கும். அமெரிக்காவில் பரவலாக நிரப்பும் ஜெட் ஏ வகைக்கு அந்த எல்லை மைனஸ் 40. பல மணி நேரம் கடுங்குளிரில் பறந்தால் இறக்கைத் தொட்டியில் இருக்கும் எண்ணெய் அந்த எல்லையை நெருங்கும். அப்போது கீழே இறங்க வேண்டும், அல்லது வேகத்தைக் கூட்ட வேண்டும். இரண்டும் எரிபொருளைத் தின்னும்.

மூன்றாவதுதான் பெரியது: காற்று. துருவத் தடத்தில் விமானத்தைத் தள்ளிவிடுகிற நிலையான காற்று கிடையாது. பசிபிக்கில் இருக்கிறது. ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்கிற மேலடுக்குக் காற்றோட்டம் உலகிலேயே வலுவானவற்றில் ஒன்று, மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. அதனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போனாலும் லாபம்தான். உங்கள் செயலியில் தெரிகிற பசிபிக் தடத்தின் நீளம் 16,500 கி.மீ.க்கு மேலே போகும்.

இப்போது நேரத்தைப் போட்டுப் பார்ப்போம். இந்தத் தடத்தில் ஓடும் ஏ350 விமானம் மாக் 0.85இல், அதாவது ஒலியின் வேகத்தில் 85 விழுக்காட்டில் பறக்கும். வெளியே மைனஸ் 56 பாகை இருக்கும் உயரத்தில் அது மணிக்குச் சுமார் 900 கி.மீ. வழி முழுக்கச் சராசரியாக 50 கி.மீ. பின்காற்று கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்; தரைவேகம் 950. தடம் 16,600 கி.மீ. என்றால் 17 மணி 28 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, அதற்கு ஒரு 15 நிமிடம். சாங்கியில் கேட்டிலிருந்து ஓடுபாதை வரை, நியூயார்க்கில் ஓடுபாதையிலிருந்து கேட் வரை, இரண்டுக்கும் சேர்த்து 40, 45 நிமிடம். கூட்டினால் சுமார் 18 மணி 25 நிமிடம் வரும். அதன் மேல் நிறுவனம் கொஞ்சம் கை இருப்பு வைக்கும். ஆக 18:40.

செயலி காட்டுவது சக்கரம் தரையை விட்டதிலிருந்து மீண்டும் தொட்டது வரை. டிக்கெட் காட்டுவது கேட் முதல் கேட் வரை. இரண்டும் சரிதான். பெற்றோரை அழைக்க வருபவர் டிக்கெட் நேரத்தைப் பார்த்தால் போதும்.

இரண்டு திசைக்கும் ஏன் ஒரே நேரம் என்று கேட்டீர்களே, இந்தத் தடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. ஊர்கள் 180 பாகை எதிரெதிரே இருப்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றே. நடு அட்சரேகைகளில் மேலடுக்குக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. ஆகவே போகும்போதும் கிழக்கு, திரும்பும்போதும் கிழக்கு. பசிபிக் வழியே போய் அட்லாண்டிக் வழியே திரும்பினால் உங்கள் பெற்றோர் உலகத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு வருவார்கள். சிங்கப்பூர் – சான் பிரான்சிஸ்கோவுக்கு இந்த வசதி இல்லை. அங்கே வரும்போது காற்றை எதிர்த்தாக வேண்டும். அதனால் போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் ஒன்றரை, இரண்டு மணி கூடுதலாக இருக்கும்.

ஜூன் மாதம் ஜெட் ஸ்ட்ரீம் வலுக்குறைந்து வடக்கே நகர்ந்திருக்கும். அதனால் குளிர்காலத்தைவிடப் பறக்கும் நேரம் சற்றுக் கூடலாம். தடமும் அன்றாடம் மாறும். நேற்றைய தடத்தைப் பார்த்து நாளைக்கு எந்த நாட்டின் மேல் பறக்கும் என்று சொல்ல முடியாது.

---

கணக்குப்பிள்ளை

தேதிக் கணக்குக்கு ஒரே வழி, உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக் கூட்டுவது. விமானம் பன்னாட்டுத் தேதிக்கோட்டைக் கடந்ததா, பசிபிக் வழியா அட்லாண்டிக் வழியா என்பதெல்லாம் இதில் வரவே வராது. புறப்படும் ஊர், சேரும் ஊர், இரண்டின் கடிகாரம் மட்டும் போதும்.

சிங்கப்பூர் ஆண்டு முழுவதும் பொது நேரத்தைவிட 8 மணி முன்னே. நியூயார்க் கோடையில் 4 மணி பின்னே, குளிர்காலத்தில் 5 மணி பின்னே. ஆக வித்தியாசம் கோடையில் 12 மணி, குளிரில் 13 மணி. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அமெரிக்காவில் கோடை நேரம். ஜூன் என்பதால் உங்களுக்கு 12. கடிகார முள்ளை நகர்த்தவே வேண்டாம், பகலை இரவென்று எண்ணிக்கொண்டால் போதும்.

போகும்போது: சாங்கியில் பகல் 12:25க்குக் கிளம்புவதாக வைத்துக்கொண்டால் பொது நேரம் காலை 4:25. அதோடு 18:40 கூட்டினால் இரவு 11:05. நாலு மணி கழித்தால் நியூயார்க்கில் அதே நாள் மாலை 7:05. இதே விமானம் டிசம்பரில் என்றால் மாலை 6:05.

திரும்பும்போது: வெள்ளி இரவு 10:30 நியூயார்க் நேரம் என்றால் பொது நேரம் சனி அதிகாலை 2:30. அதில் 18:50 கூட்டினால் சனி இரவு 9:20. எட்டு மணி கூட்டினால் ஞாயிறு அதிகாலை 5:20. சனிக்கிழமை எங்கும் போய்விடவில்லை, முழுக்க விமானத்துக்குள்ளேயே கழிகிறது.

இதில் நடக்கிற தவறுகள் இரண்டு. ஒன்று, வெள்ளி இரவு கிளம்பினால் சனிக்கிழமை வந்துவிடுவார்கள் என்று நினைத்து, வண்டி, அடுத்த விமானம், விடுதி எல்லாவற்றையும் ஒரு நாள் முன்னதாகப் பதிவுசெய்வது. இரண்டு, மார்ச் மாதக் குழப்பம். விமான நிறுவனங்களின் கோடைகால அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கும். அமெரிக்காவோ அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கடிகாரத்தை மாற்றிவிடும். அந்த இடைவெளியில் பயணம் என்றால் பழைய டிக்கெட்டைப் பார்த்துக் கணக்குப் போடாமல், புதிதாக வந்த பயணக் குறிப்பைப் பாருங்கள். டிக்கெட்டில் அச்சாகும் நேரம் எப்போதும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம்தான்.

---

செங்காங்வாசி

இரண்டு பேருக்கும் நன்றி. கிழக்கே போய்க் கிழக்கேயே திரும்புவது தெரியவே தெரியாது, அப்பாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார். இன்னொரு சந்தேகம். நேர்விமானத்தில் எகானமி இருக்கை தேடினால் கிடைக்கவில்லை. இடையில் எங்காவது இறங்கிப் போவது என்றால் எந்த ஊர் நல்லது?

---

மிடில்செக்ஸ் தமிழ்

எகானமி கிடைக்காததற்குக் காரணம் விமான வகை. இதுபோன்ற மிக நீண்ட தடங்களுக்கென்றே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வாங்கிய ஏ350-900 யு.எல்.ஆர். (மிக நெடுந்தொலைவு வகை) விமானத்தில் மொத்தமே 161 இருக்கை: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண ஏ350-900இல் எண்ணெய்த் தொட்டி 1,41,000 லிட்டர் அளவு, இதில் 1,65,000 லிட்டர். தொட்டி நிறைந்தால் எண்ணெய் மட்டுமே 130 டன்னைத் தொடும். விமானம் மேலெழக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன்தான். ஏறக்குறைய பாதி எடை எண்ணெய்க்குப் போன பிறகு ஆளையும் சரக்கையும் குறைக்காமல் முடியாது. 2004இலிருந்து 2013 வரை இதே நிறுவனம் நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500ஐ வைத்து நியூ ஜெர்சியில் உள்ள நியூவர்க் நிலையத்துக்குப் பறந்தது. எண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகாமல் நிறுத்தினார்கள். இரண்டு எஞ்சின் யு.எல்.ஆர். வந்த பிறகு 2018 அக்டோபரில் மறுபடி தொடங்கினார்கள்.

இடையில் இறங்குவதென்றால் தூரத்தை இப்படிப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய எண்கள்:

ஹாங்காங் வழி: 2,560 + 12,990 = 15,550 கி.மீ.
தோக்கியோ நரிட்டா வழி: 5,350 + 10,830 = 16,180
ஃபிராங்க்ஃபர்ட் வழி: 10,280 + 6,190 = 16,470
தோஹா வழி: 6,200 + 10,790 = 16,990
சான் பிரான்சிஸ்கோ வழி: 13,590 + 4,150 = 17,740

காகிதத்தில் ஹாங்காங்தான் குறைவு. ஆனால் வயதானவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நாலு மணி நேரம் பறந்து, இறங்கி ஏறி, அதன் பிறகு ஒரே மூச்சில் பதினாறு மணி நேரம் உட்கார வேண்டும். நேர்விமானத்தின் சிரமம் அப்படியே இருக்கும், அலைச்சல் மட்டும் கூடும். ஃபிராங்க்ஃபர்ட் வழி 13 + 9 மணி என்று பிரியும், நடுவில் கால் நீட்டி நடக்கலாம். தோஹா வழி 8 + 14. எனக்குப் பிடித்தது ஃபிராங்க்ஃபர்ட்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ 26 அதே எண்ணோடு ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று நியூயார்க் போகிறது. அங்கே எல்லோரும் இறங்கி, பாதுகாப்புச் சோதனை முடித்து மீண்டும் ஏற வேண்டும். பெரிய பை நேரே நியூயார்க்குக்குப் போய்விடும்.

பலர் ஏமாறுவது இங்கேதான்: எண் ஒன்றுதானே, நிற்காது என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். தேடும்போது மொத்தப் பயண நேரத்தைப் பாருங்கள். 18, 19 மணி என்றால் நேர்விமானம். 23, 24 என்றால் நடுவில் நிற்கிறது. விமான வகையையும் பாருங்கள்.

சான் பிரான்சிஸ்கோ வழியை முதியவர்களுக்குத் தவிர்த்துவிடுங்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில்தான் குடிநுழைவு. அங்கே வரிசையில் நின்று, பையை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைத்து, உள்நாட்டு முனையத்துக்கு ஓட வேண்டும். இரண்டு மணி நேர இடைவெளி இதற்குக் காணாது, மூன்று மணி நேரமாவது வேண்டும்.

எந்த வழி என்றாலும் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி, முதல் விமானம் தாமதமாகி, அடுத்தது போய்விட்டால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு கிடையாது. இறங்கும் நாட்டின் டிரான்ஸிட் விசா விதி பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. பெற்றோர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

---

திருச்சி பயணி

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். சென்னையிலிருந்து சாங்கி வந்து இந்த நேர்விமானத்தைப் பிடித்து நியூயார்க் போவது நல்லதா?

---

இறகு350

தூரத்தில் பெரிய நட்டம். சென்னை – நியூயார்க் குறுகிய தொலைவு சுமார் 13,480 கி.மீ.தான். லண்டன் வழி 8,230 + 5,540, அதாவது 13,770. தோஹா வழி 14,080. சாங்கி வழி வந்தால் முதலில் எதிர்த்திசையில் 2,900 கி.மீ. வந்து, பிறகு 15,349; மொத்தம் 18,250ஐ நெருங்கும். தோஹாவைவிட நாலாயிரம் கி.மீ.க்கு மேல் கூடுதல். சிங்கப்பூரில் வேலை இருந்தால் தவிர வேண்டாம்.

---

மிடில்செக்ஸ் தமிழ்

செங்காங்வாசி, நேர்விமானமே என்று முடிவானால் இறங்கும் நிலையத்தையும் பாருங்கள். எஸ்க்யூ 24 கென்னடிக்குப் போகிறது, எஸ்க்யூ 22 நியூவர்க்குக்கு. வானத்தில் தூரம் ஒன்றேதான், தரையில் அப்படி இல்லை. எடிசனுக்கு நியூவர்க்கிலிருந்து காரில் அரை மணி, முக்கால் மணி. கென்னடியிலிருந்து என்றால் மாலை நெரிசலில் பாலங்களையும் சுங்கச் சாவடிகளையும் தாண்ட இரண்டு மணி நேரம் கூட ஆகிவிடும். பதினெட்டரை மணி நேரம் உட்கார்ந்து வந்தவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் பெரும்பாடு.

முழங்கால் வலி இருந்தால் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட்டோடு சேர்த்தே பதிவுசெய்யுங்கள். குடிநுழைவு வரிசைக்கு அது பெரிய துணை. நடைபாதை ஓர இருக்கை இரண்டு, ஒரே வரிசையில் எதிரெதிராக எடுங்கள். இருவரும் யாரையும் எழுப்பாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கலாம். காலில் இரத்தம் உறையும் அபாயத்தைக் குறைக்க அதுதான் எளிய வழி. முன்பே நரம்புச் சுருட்டல், இதய நோய் இருந்தால் அழுத்தக் காலுறை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

---

கணக்குப்பிள்ளை

மாத்திரைக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். நாளுக்கு ஒன்று போடும் மாத்திரையைக் காலை 8க்குப் போட்டுப் பழகியவர், ஜூன் மாதம் நியூயார்க்கில் இரவு 8க்குப் போட்டால் 24 மணி இடைவெளி அப்படியே இருக்கும். விமானத்திலும் கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவிட்டால் குழப்பம் இல்லை. சாப்பாட்டோடு சேர்த்துப் போடும் சர்க்கரை மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றின் நேரத்தை, டிக்கெட்டில் உள்ள புறப்பாடு, வருகை நேரங்களைக் காட்டி மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். மருந்து முழுவதும் கைப்பையில், மருந்துச் சீட்டோடு. பெரிய பை ஒரு நாள் தாமதமாக வருவது எந்தத் தடத்திலும் நடக்கும்.

---

செங்காங்வாசி

நியூவர்க் விமானத்தையே எடுக்கிறோம், பிரீமியம் எகானமி, போகவும் வரவும். அக்காவுக்கு வருகை நேரத்தை எடிசன் நேரத்திலும் எங்கள் நேரத்திலும் எழுதி அனுப்பிவிட்டேன்.